வக்கீலிடம் காசு வாங்கிய என் அம்மா

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வேலை முடிந்து போகும் ஒவ்வொருவரிடமும், "நல்லா இருந்தா ரெண்டு வரி எழுதுங்கண்ணே" என்று கேட்பேன். அப்படிக் கேட்கிற நான், என் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரு நல்ல சேவையைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு தருகிற இலவச சட்ட உதவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் வழியாக எங்களுக்கு வந்த வக்கீலம்மாவைப் பற்றியும்.

வக்கீலம்மாவின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. "நீங்க நல்லதா எழுதினாலும் நான் எழுதச் சொன்ன மாதிரி ஆயிரும் தம்பி, பேரைப் போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நெல்லைச் சீமைப் பக்கம் ஒரு மாவட்டக் கோர்ட் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் அம்மாவுக்கு வயது 62. கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். தோவாளையிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பூ வரும். கமிஷன் கடையில் எடுத்து, நாரில் கட்டி, முழம் போட்டு விற்று, நாங்கள் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தோம். அம்மாவுக்கு வக்கீல்கள் என்றாலே ஆகாது. அவருடைய அப்பா ஒரு வரப்புத் தகராறில் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, வரப்பு கிடைத்தபோது வயல் கையில் இல்லாமல் நின்றவர். அதனால், "கேஸுல ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்" என்ற சொலவடை எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது கேட்கும். அப்பம் பங்கு வைத்த குரங்கின் கதையை எனக்குச் சிறுவயதில் சொன்னபோதும், குரங்குக்குக் கறுப்புக் கோட்டு மாட்டித்தான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் கதையைச் சொன்னபோது, "கோட்டை விட்டுட்டீங்க சார்" என்று நான் எழுந்து நின்று சொல்ல, வகுப்பே சிரித்தது. அம்மா முடிவாகச் சொல்வது இதுதான்: "வக்கீல்ட்ட காசு குடுத்த ஆளு ஊருபூரா இருக்கு. வாங்குன ஆளு ஒண்ணு இருந்தா காட்டு."

2023 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, அதிகாலை நாலரை மணிக்குப் பூ எடுக்கப் போன அம்மாவை ஒரு மினி லாரி இடித்துவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, பிளேட் வைத்தார்கள். 19 நாள் ஆஸ்பத்திரி.

மூன்றாம் நாளே வார்டுக்கு ஒருவர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், கக்கத்தில் ஃபைல். ஒரு வக்கீலின் ஆள் என்றார். "நீங்க ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், வர்ற பணத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து எங்களுக்கு" என்று சொல்லி, ஆறு தாள்களில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். அதில் இரண்டு வெற்றுத் தாள். எஃப்.ஐ.ஆர். நகல், பில், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொண்டுபோனார். நான் அங்கேதான் நின்றேன். பயத்திலும் அலைச்சலிலும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அதன் பிறகு நாலு மாதம் போனில், "போட்டாச்சு, போட்டாச்சு" என்ற பதில் மட்டும். கேஸ் நம்பர் கேட்டால் லைன் கட்டாகிவிடும்.

என் கடைக்கு வரும் ஒரு அக்கா, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருப்பவர், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன், யாருக்காவது பயன்படும். 1987-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மற்றவர்களுக்கு ஒரு வருமான வரம்பு உண்டு. வக்கீல் கட்டணம் மட்டுமல்லாமல் கோர்ட் கட்டணம், டைப்பிங் செலவு, நகல் எடுக்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். என் அம்மா பெண் என்பதே போதும், வேறு எந்தச் சான்றிதழும் தேவையில்லை என்று அக்கா சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற போர்டைப் பார்த்துப் பார்த்து, இலவசம் என்றாலே பயந்து பழகிவிட்டோம்.

அலுவலகத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சிரமம். கோர்ட் வளாகத்தில் புளியமரத்தடியில் நின்று நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் நாலு திசை காட்டினார்கள். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர்தான் கை நீட்டிக் காட்டினார். இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. வாக்கரில் நடக்கும் அம்மாவை நானும் தம்பியும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். கால் உடைந்தவர்களும், கைக்குழந்தைக்காரர்களும், வயதானவர்களும் தேடி வருகிற ஒரு அறை இரண்டாம் மாடியில் இருப்பது தப்பு. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

ஆனால் உள்ளே போனதும் நடந்தது வேறு. ஒரு தாளில் விவரம் எழுதச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை என்றதும் அங்கிருந்த பெண்ணே கேட்டுக் கேட்டு எழுதினார். ஆதார் நகல் வாங்கிக்கொண்டார்கள். அந்த அலுவலகத்தின் செயலாளர் ஒரு நீதிபதி. அவர் அம்மாவிடம், "எத்தனை நாளா நடக்க முடியல?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எட்டாம் நாள் எங்களுக்கு வக்கீல் நியமித்த கடிதம் வந்துவிட்டது.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய ஸ்கூட்டி. கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் பத்துக்குப் பத்து அறை, சுவரில் வ.உ.சி. படம். அம்மா போனதும் முதல் பேச்சே, "எத்தன பெர்சன்ட்?" என்பதுதான்.

"பெர்சன்ட்டா? எதுக்கு ஆச்சி?"

"ஒங்களுக்குத்தான்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. வருகிற இழப்பீட்டில் பங்கு பேசுவது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட காரியம், அது யார் கேட்டாலும் தப்பு என்று நிதானமாகச் சொன்னார். அந்த ஆறு கையெழுத்துக் கதையைக் கேட்டதும் முகம் மாறியது. தேதியைக் கணக்குப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. எங்களுக்கு மீதியிருந்தது ஏழு வாரம். எங்கள் எதிரிலேயே அந்த வக்கீலுக்குப் போன் செய்தார். சத்தம் போடவில்லை. "ஃபீஸ் பாக்கின்னே வச்சுக்கிட்டாலும் கேஸ் கட்டைப் பிடிச்சு வைக்க நமக்கு உரிமை இல்லைன்னு 2000-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு சார். நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேன்" என்றார். சொன்னபடி ஸ்கூட்டியில் போய் வாங்கி வந்தார். வெற்றுத் தாள் இரண்டையும் சேர்த்துத்தான். அவற்றை அம்மா கையில் கொடுத்து, "நீங்களே கிழிங்க ஆச்சி" என்றார். அம்மா நார் கிழிப்பது போல நீளநீளமாகக் கிழித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "அடுப்புக்கு" என்றார்.

மனு தயாரித்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு வக்கீலின் தாராளம் தெரிவது அங்கேதான்.

விபத்துக் கேஸில், அடிபட்டவர் எவ்வளவு சம்பாதித்தார் என்பதை வைத்துத்தான் பெரும்பகுதிக் கணக்கு ஓடும். சம்பளச் சீட்டு உள்ளவருக்குப் பிரச்சினை இல்லை. பூக்காரிக்கு ஏது சம்பளச் சீட்டு? சான்று இல்லாதவர்களுக்குக் கோர்ட் உத்தேசமாக ஒரு வருமானத்தை வைக்கும். ஏதோ ஒரு தொகையை எழுதிவிட்டு வக்கீலம்மா கிளம்பியிருக்கலாம். நாங்களும் அதுதான் முறை என்று நினைத்திருப்போம். அவரோ நாற்காலியை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நோட்டைத் திறந்து, "ஆச்சி, உங்க ஒரு நாளை எனக்குச் சொல்லுங்க" என்றார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எத்தனை கிலோ எடுப்பீர்கள், பிச்சி என்ன விலை, கனகாம்பரம் என்ன விலை, செவ்வாய் வெள்ளி எப்படி, ஆடி மாதம் எப்படி, முகூர்த்த நாளில் எவ்வளவு, மழை பெய்தால் எவ்வளவு நட்டம், மிஞ்சின பூவை என்ன செய்வீர்கள். அம்மா முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் திண்ணையில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். முழம் போடுவதைக் காட்டச் சொன்னார் வக்கீலம்மா. அம்மா முழங்கையை நீட்டிக் காட்டினார். "கடைசியா ரெண்டு விரக்கடை கூட விடுவேன். அதுக்குத்தான் என்ட்ட வருவாக" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் கேட்டார்: "இப்போ ஏன் கட்ட முடியல? கைக்கு ஒண்ணும் இல்லையே?"

இது நானே என்றும் யோசிக்காத கேள்வி. அம்மா பதில் சொல்லாமல் சேலையை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்காரப் பார்த்தார். வலது கால் மடங்கவில்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பூக்கட்டுகிறவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முனை நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இழுத்து இழுத்துக் கட்ட வேண்டும். கால் மடங்காவிட்டால் கை இருந்தும் வேலை இல்லை. வக்கீலம்மா எழுந்து அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு எங்களுக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினார்: "மனுதாரரால் தரையில் சம்மணமிட்டு அமர இயலாததால் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவந்த பூக்கட்டும் தொழிலைச் செய்ய முடியவில்லை." அம்மா அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

கிளம்பும்போது, கமிஷன் கடையில் எழுதித் தரும் துண்டுச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒரு வளைந்த கம்பியில் நாலு வருடச் சீட்டு குத்திக் கிடந்தது. புகை படிந்து, பூக்கறை படிந்து, சிலவற்றில் எழுத்தே தெரியவில்லை. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேதிவாரியாக அடுக்கி, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒரு மாதத்தின் சராசரி வருமானத்தை அதிலிருந்தே எடுத்துக் காட்டினார். இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறார் என்று அவருடைய குமாஸ்தா பிறகு சொன்னார். இந்த வேலைக்கு அரசு தருகிற மதிப்பூதியம் சொற்பம். நான் ஒரு போனுக்குக் கண்ணாடி மாற்றுகிற நேரத்தையும் காசையும் வைத்துக் கணக்குப் பார்ப்பவன். எந்தக் கணக்கிலும் அவருக்கு இது கட்டுப்படியாகாது. இப்படி உழைப்பவர்களுக்குத் தொகையைக் கூட்டித் தர வேண்டும்.

முதல் வாய்தாவுக்கு அம்மா சும்மா போக மறுத்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரியிடம் பூ வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டுத்தடுமாறி இரண்டு முழம் பிச்சி கட்டி, வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தார். வக்கீலம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆச்சி?" என்றார்.

"ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன். காசு என்னத்துக்கு?"

"காசு வாங்கினாத்தான் தலையில வைப்பேன். இல்லேன்னா இது ஃபீஸ் ஆயிரும்."

அம்மா என்னைப் பார்த்தார், புளியமரத்தைப் பார்த்தார். "நாப்பது" என்றார். வக்கீலம்மா இரண்டு இருபது ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்து, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். அன்று சாயங்காலம் பூக்கடை வரிசை முழுக்க அம்மா அந்த நாற்பது ரூபாயைக் காட்டிவிட்டு வந்தார். "பாத்துக்கிடுங்கட்டி, வக்கீல்ட்ட காசு வாங்குன மொத ஆளு நான்தான்." அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு முழம், நாற்பது ரூபாய். விபத்துக்குப் பிறகு அம்மா சிரித்தது அந்த நாட்களில்தான் என்பதால், எனக்கு அந்த நாற்பது ரூபாய் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஒருநாள் காத்திருந்தபோது அந்தச் சுவர்ப் படத்தைப் பற்றிக் கேட்டேன். வ.உ.சி. கப்பல் விட்டது எனக்குத் தெரியும். அவர் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடிய வக்கீல் என்பதை வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்தது. 1908-இல் சிறைக்குப் போனதில் வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னதும் பறிபோனது. வெளியே வந்து வறுமையில் கிடந்தவருக்கு அதை மீட்டுக்கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் மகனுக்கே வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். "பணமில்லாதவங்களுக்கு இலவசமா வாதாடுறது வக்கீலோட உயர்ந்த கடமைகள்ல ஒண்ணுன்னு எங்க விதியிலயே எழுதியிருக்கு தம்பி. நான் ஒண்ணும் புதுசா செய்யல" என்றார். விதியில் எழுதியிருப்பதை இரண்டு ராத்திரி கண்விழித்துச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நான் பேசாமல் இருந்தேன்.

மெடிக்கல் போர்டு 35 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. இன்சூரன்ஸ் தரப்பு முதலில் ஒன்றே முக்கால் லட்சம் என்றது. 2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை, தேசிய மக்கள் நீதிமன்றம். லோக் அதாலத் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அங்கே பேசிய தொகை நாலு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வரை வந்தது. வக்கீலம்மா உடனே சரி சொல்லவில்லை. அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆச்சி, இதை ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும். ஆனா இதுக்கு மேல அப்பீல் கிடையாது. கேஸை நடத்தினா இன்னும் கொஞ்சம் கூட வரலாம், குறையவும் செய்யலாம், ரெண்டு வருஷம் ஆகலாம். உங்களுக்கு மனசில்லேன்னா நடத்துவோம். எனக்காக ஒத்துக்காதீங்க." உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். இன்சூரன்ஸ் அதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அம்மா அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். இடையில் தண்ணீர் கேட்டார், தன் அப்பாவின் வரப்புக் கதையை முழுசாகச் சொன்னார். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் அதையும் கேட்டார். கடைசியில் அம்மா, "ஒத்துக்கிடுதேன். எங்கய்யா மாதிரி அலைய எனக்குக் காலும் இல்ல" என்றார்.

பணம் நேராக அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. வந்த அன்றே பத்தாயிரத்தைச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டு என்னை அழைத்துப் போனார். வக்கீலம்மா பையைத் தொடக்கூட இல்லை. "பூவுக்கு நான் காசு குடுத்தேன்லா ஆச்சி. என் வேலைக்கு அரசாங்கம் குடுக்கு. கணக்கு நேர்" என்றார். அம்மா விடவில்லை. பத்து நிமிடம் வாக்குவாதம். நான் பார்த்தவரைக்கும் அந்த வக்கீல் ஜெயிக்கக் கஷ்டப்பட்ட ஒரே வழக்கு அதுதான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே போகிறவர்களுக்கு: எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஆதார், பாஸ்புக் இவற்றின் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலைக் கொடுத்தால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். வருமானத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எல்லா வக்கீலும் இவரைப் போல வாய்ப்பார் என்று என்னால் உறுதி தர முடியாது. என் நண்பன் ஒருவனுக்கு வேறொரு இடத்தில் நியமித்த வக்கீல் மூன்று வாய்தாவுக்கு வரவேயில்லை. அப்படி நடந்தால் ஆணைக்குழுவிலேயே எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். அவன் கேட்டான், மாற்றிக் கொடுத்தார்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது அந்த மாடிப்படிக்கு.

அம்மா இப்போது மேசை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கட்டுகிறார். நாரை மாட்ட மேசைக்காலில் தம்பி ஒரு கொக்கி அடித்துக் கொடுத்திருக்கிறான். பழைய வேகத்தில் பாதிதான் வருகிறது. போன வெள்ளிக்கிழமை வக்கீலம்மா பூ வாங்க வந்தபோது, அந்த இரண்டாம் மாடி அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா என்று கேட்டேன். ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு, பூ மேசையிலேயே தாளை வைத்து அவரே எழுதித் தந்தார். முதல் கையெழுத்து அம்மாவுடையது. தாளில் எழுதியிருந்ததை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் போட்டார்.